மூசிக் கரையின் புலவர் வேந்தர்

சுமத்திராத் தீவின் தென்பகுதியில், கடலிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. உள்ளே, மூசி ஆற்றின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கும் தொன்னகரம் பலெம்பாங். வடகரையை இலிர் என்றும் தென்கரையை உலு என்றும் நகரத்தார் வழங்குவர். இலிர்க் கரையில், நகரின் நடுவிடத்தே, புக்கிட் கெச்சில் என்னும் வட்டாரம் அமைந்துள்ளது. சிறுகுன்று என்பது அப்பெயரின் பொருள். ஆயினும் அவ்வட்டாரத்துக்குப் பெருமை தருவது குன்று அன்று. ஆற்றை நோக்கி நெடுஞ்சுவராய் நிற்கும் குத்தோ பெசாக் என்னும் கோட்டையே. குத்தோ என்பது கோட்டை என்னும் நம் சொல்லோடு உறவுடையது. பெசாக் என்பது பெரியது. பெருங்கோட்டை என்று நாம் மொழிபெயர்த்துக் கொள்ளலாம்.

இந்நகரம் தமிழ் வரலாற்றுக்கு அயலானது அன்று. சோழர் மெய்க்கீர்த்தி போற்றும் சீவிசயத்தின் தலைநகர் இதுவே என்பது பெரும்பாலான ஆய்வாளர் கொள்கை. இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் இப்பேரரசைத் தாக்கிற்று. கோட்டைக்கு மேற்கே தாத்தாங் ஆற்றங்கரையில் 1920இல் கிடைத்த கெடுகான் புக்கிட் கல்வெட்டு, பழைய மலாய் மொழியைப் பல்லவர் எழுத்து வழிவந்த வரிவடிவில் தாங்கி நிற்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது அது. ஆனால் இங்குப் பேசப்படுபவர் அவ்வேந்தர்களுக்கு நெடுங்காலம் பின்வந்தவர். அதே ஆற்றங்கரையில் முடிசூடி, கவிதையும் எழுதி, ஒரு சொல்லின் பொருளில் சிக்கி நாடிழந்தவர். அவர் சுல்தான் இரண்டாம் மஹ்மூது பதருத்தீன்.

அவர் 1767இல் பிறந்தார். இளமைப் பெயர் இராடன் ஹசன். தந்தையார் சுல்தான் முகமது பஹாவுத்தீன். அவர் காலத்தில்தான், 1780இல் தொடங்கிப் பதினேழு ஆண்டு உழைப்பில், குத்தோ பெசாக் எழும்பியது. ஏறத்தாழ 289 மீட்டர் நீளமும் 184 மீட்டர் அகலமும் கொண்ட அக்கோட்டையின் மதில் பத்து மீட்டர் உயரமும் இரண்டு மீட்டர் கனமும் உடையது. தெற்கே மூசி, மேற்கே செகானாக், கிழக்கே தெங்குருக், வடக்கே கப்புரான் என நான்கு நீர்வழிகள் சூழ, அது ஒரு தீவுபோல விளங்கிற்று. அகழி வெட்ட வேண்டிய தேவையே இல்லை. இளவரசர் ஹசன் தம் பதின்மூன்றாம் வயது முதல் முப்பதாம் வயது வரை அம்மதில் வரிசை வரிசையாக உயர்வதைக் கண்டு வளர்ந்தவர்.

1803இல் தந்தையார் மறைய, ஹசன் அரியணை ஏறினார். பலெம்பாங்கின் செல்வம் மிளகும் வெள்ளீயமும். வெள்ளீயம் அருகிலுள்ள பங்காத் தீவில் தோண்டப்பட்டது. ஈயத்தைக் குறிக்கும் வங்கம் என்னும் வடசொல்லே அத்தீவின் பெயராயிற்று என்று கருதுவாரும் உளர். அவ்வீயத்தைத் தமக்கே விற்க வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொண்டிருந்த ஒல்லாந்தர், தென்கரையில் ஔர் சிற்றாற்றின் வாயிலில் ஒரு பண்டசாலையும் சிறு காவற்படையும் வைத்திருந்தனர். ஆற்றின் இக்கரையில் அரண்மனை, அக்கரையில் அயலார் பண்டசாலை. நடுவே ஓடும் நீரின் அகலமே இரு தரப்புக்கும் இடைவெளி.

அவரைப் போர்வேந்தராக மட்டும் காண்பது பொருந்தாது. அரண்மனையில் ஏடுகள் திரட்டிவைக்கப்பெற்றிருந்தன. சமய நூல்களும் கதைநூல்களும் செய்யுள்நூல்களும் அவற்றுள் அடங்கும். சுல்தான் பெயரால் வழங்கும் செய்யுள்களும் உள. சாயிர் நூரி என்பது அவற்றுள் ஒன்று. நூரி என்னும் செங்கிளியைப் பாத்திரமாக்கிக் காதலைக் குறிப்பாற் புலப்படுத்துவது. சாயிர் சிஞ்ஞோர் கோஸ்தா என்பது மற்றொன்று. போர்த்துகீசிய வணிகன் ஒருவன் சீன வணிகன் இல்லத்துப் பெண்மீது கொண்ட காதலைச் சொல்வது. துறைமுக நகரத்தின் வாழ்வும் பேச்சும் அதில் இடம்பெறுகின்றன. இவை முழுமையும் அவர் கைப்பட எழுதியவைதாமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு; அவர் அவைக்களத்தில் செய்யுள் செழித்தது என்பதில் ஐயமில்லை. சாயிர் என்பது நான்கடிச் செய்யுள். நான்கடியும் ஒரே இறுதி ஓசையில் முடியும். தமிழ் யாப்பு நூலார் இயைபுத் தொடை என்று கூறுவதே அங்கு உயிர்நிலை. எதுகை மோனையில் தோய்ந்த செவிக்கு முதலில் சற்றே அயன்மையாய்த் தோன்றினும், பாடக் கேட்கும்போது அதன் நடை பிடிபட்டுவிடும்.

1810ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவராக மலாக்காவில் வந்தமர்ந்தார் தாமஸ் ஸ்டாம்போர்டு ராபிள்ஸ். ஒல்லாந்து அப்போது நெப்போலியன் கைக்குள் இருந்தது. ஆகவே ஒல்லாந்தர் வசமிருந்த சாவகத் தீவைக் கைப்பற்ற ஆங்கிலேயர் முனைந்தனர். அதற்கு முன்னோடியாக மலாய் மன்னர்களோடு மடல் தொடர்பு கொள்வது ராபிள்ஸின் பணி. பதருத்தீனுக்கும் மடல்கள் வந்தன. ஒல்லாந்தரை நம்ப வேண்டா, அவர்களைப் பலெம்பாங்கிலிருந்து அகற்றிவிடுக என்பதே அவற்றின் சாரம். படைக்கலம் தரவும் ஆங்கிலேயர் முன்வந்தனர்.

அம்மடல்களுள் ஒன்றில் ஒல்லாந்தர் அனைவரையும் என்ன செய்ய வேண்டும் என்று கூறும் இடத்தில் புவாங் என்னும் மலாய்ச் சொல் ஆளப்பட்டிருந்தது. எறிதல், கழித்தல், அப்புறப்படுத்தல், நாடுகடத்தல் என இடத்துக்கேற்பப் பொருள் விரியும் சொல் அது. அதனோடு முடித்தல், எஞ்சாமற் செய்தல் என்னும் பொருளுடைய ஹாபிஸ்கான் என்னும் சொல்லும் அடுத்து நின்றது. தமிழில் ஒருவனைத் தீர்த்துவிடு என்று எழுதினால் கணக்கைத் தீர்ப்பதா, ஆளைத் தீர்ப்பதா என்பது படிப்பவர் மனத்தைப் பொறுத்தது அன்றோ? அத்தகைய இடர்ப்பாடே இங்கும்.

1811 செப்டம்பர் 14ஆம் நாள் பண்டசாலை முற்றுகையிடப்பட்டது. அங்கிருந்தோர் சாவகத்துக்கு அனுப்பப்படுவதாகப் படகுகளில் ஏற்றப்பட்டு, ஆற்றின் கீழ்ப்போக்கில் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். ஐரோப்பியர் 24 பேரும் தீவுவாசிகள் 63 பேருமாக இறந்தோர் 87 பேர் என்பது வழங்கிவரும் கணக்கு. பண்டசாலை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. நான்கே நாள் கழித்து, செப்டம்பர் 18இல், சாவகத்திலிருந்த ஒல்லாந்தர் ஆங்கிலேயரிடம் சரணடைந்தனர்.

அந்த நான்கு நாள் இடைவெளியே சுல்தானின் அரசியல் வாதத்துக்கு அடிப்படையாயிற்று. சாவகம் வீழுமுன்னரே பலெம்பாங் ஒல்லாந்தரிடமிருந்து விடுபட்டுவிட்டது. ஆகவே ஒல்லாந்தருக்கு இருந்த உரிமை எதுவும் ஆங்கிலேயருக்கு வந்துசேராது என்பது அவர் நிலை. சாவகத்தின் துணை ஆளுநராகிவிட்ட ராபிள்ஸோ கொலைக்கு நியாயம் கேட்கும் நீதிமானாக நின்றார். தம் மடலில் சொன்னது வெளியேற்றலே அன்றிக் கொலை அன்று என்பது அவர் தரப்பு. இவ்வழக்கு ஆய்வாளரிடையேயும் ஓயவில்லை. ஜான் பாஸ்டின் 1953, 1954ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் நிகழ்ச்சிகளையும் மடல்களையும் விரிவாக ஆராய்ந்தார். சையது உசேன் அலத்தாஸ் 1971இல் வெளியிட்ட நூலில் ராபிள்ஸைக் கடுமையாகக் குற்றஞ்சாட்டினார்.

சிலேடை கவிதைக்கு அணி. அரசமடலில் அது புகுந்தால் எழுதியவனுக்கும் தப்பிக்க வழி உண்டு, படித்தவனுக்கும் உண்டு. ராபிள்ஸ் மலாய் அறிந்தவர் என்று பெயர் பெற்றவர். பதருத்தீனோ அம்மொழியின் புலவர். சொல்லின் இரு முகமும் இருவருக்கும் தெரிந்தே இருக்க வேண்டும். சுல்தான் ஏமாற்றப்பட்ட அப்பாவி என்று எழுதுவோர், மாண்டவர்களின் எண்ணிக்கையை விரைந்து கடந்துவிடுகின்றனர். படகில் ஏறியோர் சாவகம் போகிறோம் என்றே எண்ணியிருந்தனர் என்பதை மறக்கலாகாது. மன்னன் வாயில் பிறழ்ந்த ஒரு சொல் உயிர் குடித்த கதையைச் சிலம்பில் கற்றவர்க்கு இதன் கனம் விளங்கும். அங்கே பாண்டியன் உண்மை தெரிந்த அக்கணமே உயிர் துறந்தான். இங்கே பொறுப்பை ஏற்க எவரும் முன்வரவில்லை.

1812 ஏப்ரலில் ஆங்கிலப் படை மூசியில் நுழைந்தது. அதன் தலைவர் கர்னல் கில்லெஸ்பி. 1806 ஜூலை 10இல் ஆர்க்காட்டிலிருந்து குதிரை விரட்டி வந்து வேலூர்க் கோட்டைச் சிப்பாய்களின் எழுச்சியை இரத்தத்தில் மூழ்கடித்தவர் இவரே. சுல்தான் செல்வத்தோடும் சுற்றத்தோடும் ஆற்றின் மேற்பகுதிக்கு அகன்றார். தம்பி அகமது நஜமுத்தீன் சுல்தானாக்கப்பட்டார்; விலையாகப் பங்காவும் பெலிதுங்கும் ஆங்கிலேயர்க்கு எழுதித் தரப்பட்டன. மாண்டவர்க்கான நீதி ஈயத்தில் முடிந்தது. 1814இல் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் இலண்டனில் உடன்படிக்கை செய்தபோது, பங்கா ஒல்லாந்தருக்குப் போயிற்று. மலையாளக் கரையின் கொச்சி ஆங்கிலேயருக்கு வந்தது. தோண்டியவரையோ ஆண்டவரையோ எவரும் கேட்கவில்லை.

இடையில் 1813இல் ஆங்கில அலுவலர் ராபின்சன் மூத்தவரோடு உடன்பாடு செய்து அவரை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். ராபிள்ஸ் அதை ஏற்க மறுத்து ஒரு திங்களுக்குள் இறக்கினார். ஒல்லாந்தர் திரும்பிய பின் 1818இல் முந்திங்கே என்னும் ஆணையர் மறுபடியும் மூத்தவரை ஏற்றினார். ஏற்றலும் இறக்கலும் பகடைக்காய் நகர்த்துவதுபோல் நடந்தன. அண்ணன் தம்பி பகையை அயலார் நன்கு பயன்படுத்திக்கொண்டனர் என்பதே இதன் சுருக்கம்.

ஆனால் 1819இல் காய் தானே எழுந்து நின்றது. பட்டத்து இளவரசரைப் பிணையாக ஒப்படைக்குமாறு முந்திங்கே கேட்டதும் போர் மூண்டது. சூன் திங்களில் நடந்த அப்போரில் குத்தோ பெசாக்கின் மதில் ஒல்லாந்தப் பீரங்கிக் குண்டுகளைத் தாங்கி நின்றது. தந்தையார் பதினேழு ஆண்டு எடுத்துக் கட்டிய கட்டடம் மகனுக்குத் துணையாயிற்று. ஒல்லாந்தர் ஆற்றுவழியே பின்வாங்கினர். முந்திங்கே என்பதை மந்தெங் என்று மக்கள் நாவில் திரித்து, மந்தெங் போர் என்றே அதனை வழங்கினர். சாயிர் யாப்பில் அப்போரைப் பாடிய நூல் ஒன்றும் எழுந்தது. அக்டோபரில் கடற்படைத் தலைவர் வோல்டர்பேக் வந்தார். ஆற்றின் குறுக்கே அறைந்திருந்த மரக்கம்பங்களையும் கரைக்காவல் பீரங்கிகளையும் கடக்க இயலாமல் அவரும் திரும்பினார்.

1821இல் தளபதி தே கோக் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட படையோடு வந்தார். நாடிழந்த தம்பியும் தம்பி மகனும் உடன் கொண்டுவரப்பட்டனர். சூன் 20இல் நடந்த முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அது ரமலான் திங்கள். வெள்ளிக்கிழமை ஒல்லாந்தர் தாக்காதிருந்தமையால், ஞாயிற்றுக்கிழமை அவர்தம் வழிபாட்டு நாள் என்று பலெம்பாங் வீரர் அயர்ந்திருந்தனர். 24ஆம் நாள் ஞாயிறு விடியுமுன், சஹர் உணவு வேளையில், கப்பல்கள் அரண்களைத் தாக்கின என்று இந்தோனேசிய வரலாற்று நூல்கள் கூறும். ஆற்றரண் உடைந்த பின் கோட்டை மதிலால் பயனில்லை. ஜூலைத் தொடக்கத்தில் ஒல்லாந்தர் குத்தோ பெசாக்கினுள் புகுந்தனர். அத்திங்களிலேயே ஓர் இரவில் சுல்தானும் சுற்றமும் கப்பலேற்றப்பட்டனர். முதலில் பத்தாவியா, பின்னர் கிழக்கே கடலுக்கு அப்பால், இலவங்கத் தீவாகிய தெர்னாத்தே.

மலாயில் நாடுகடத்தப்பட்டவரை ஓராங் புவாஙான் என்பர். பத்தாண்டுக்கு முன் மடலில் வந்த அதே சொல். அதன் மற்றொரு பொருளை 31 ஆண்டுகள் அவர் வாழ்ந்து கழிக்க வேண்டியதாயிற்று. தெர்னாத்தேயில் ஆறு இல்லாத எரிமலைச் சரிவு, எதிரே கடல். அவர் பாடியதாகச் சொல்லப்படும் நூரிக் கிளிகளின் தாயகமோ அக்கீழைத் தீவுகளே. 1852இல், தம் 85ஆம் வயதில், அங்கேயே மறைந்தார். அவரோடு சென்றோர் வாழ்ந்த பகுதிக்குக் கம்போங் பலெம்பாங் என்றே பெயர் நிலைத்தது.

அவர் போன பின் பலெம்பாங்கில் சுல்தானாட்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1823இல் ஒல்லாந்தர் அதனை ஒழித்தனர். தம்பிக்கும் நாடுகடத்தலே கிட்டிற்று. குத்தோ பெசாக்கின் பக்கத்தில் 1737இல் எழுந்த பழைய அரண்மனை இடித்து அகற்றப்பட்டு, அவ்விடத்தில் ஒல்லாந்த ஆட்சியருக்கு மாளிகை கட்டப்பட்டது. அம்மாளிகைதான் பிற்காலத்தில் பதருத்தீன் பெயர் தாங்கும் அருங்காட்சியகமாயிற்று. தெங்குருக் நீர்வழி இருபதாம் நூற்றாண்டில் தூர்க்கப்பட்டுப் பெருஞ்சாலை ஆயிற்று. 1984இல் இந்தோனேசிய அரசு அவரை நாட்டு வீரராக அறிவித்தது. விமான நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2005இல் வெளியான பத்தாயிரம் உருபியா தாளில் அவர் உருவம் பொறிக்கப்பட்டது.

அரண்மனை ஏடுகளின் நிலை வேறு. 1812இல் ஒரு பகுதி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. எஞ்சியவற்றுள் ஐம்பதுக்கும் மேற்பட்ட சுவடிகளை 1821க்குப் பின் ஒல்லாந்த அலுவலர் பட்டியலிட்டுப் பத்தாவியாவுக்கு அனுப்பினர். பலெம்பாங் ஏடுகளைக் காண விரும்புவோர் இன்று ஜகார்த்தாவுக்கும் லெய்டனுக்கும் இலண்டனுக்கும் செல்ல வேண்டும். மதில் மட்டும் புக்கிட் கெச்சிலில் ஆற்றைப் பார்த்து நிற்கிறது. உள்ளே படைத்துறை மருத்துவமனை ஒன்று நடைபெற்று வருகிறது.