மருத்துவரின் கைகளே நோயைப் பரப்பியதை மெய்ப்பித்த செம்மல்வைஸ்

மகப்பேற்றுக்காக மருத்துவமனைக்கு வந்த தாய்மார்களின் உயிரைப் பறித்த காய்ச்சல், மருத்துவர்களின் கைகள் வழியாகவே பரவியது என்பதை 1847-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர் இக்னாஸ் செம்மல்வைஸ். மருத்துவமனைத் தொற்றைத் தடுக்கும் முயற்சிகளின் முன்னோடியாக இன்று போற்றப்படும் அவர், தம் வாழ்நாளில் அந்த மதிப்பைப் பெறவில்லை.

ஹங்கேரியின் புடா நகரில் 1818 ஜூலை 1-ஆம் தேதி பிறந்த செம்மல்வைஸ், 1846-இல் வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேற்றுத் துறையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். அங்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பயின்ற முதல் பிரிவில் ஏறத்தாழ 10 சதவீதத் தாய்மார்கள் இறந்தனர். மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாவது பிரிவில் இது 4 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் எனப் பெண்கள் கண்ணீருடன் மன்றாடினர்.

1847 மார்ச் மாதத்தில் அவருடைய நண்பரான பேராசிரியர் யாக்கோப் கொலெட்ஷ்கா, பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்டுக் காயமடைந்து உயிரிழந்தார். அவரது உடலில் காணப்பட்ட மாற்றங்கள், பிரசவக் காய்ச்சலால் இறந்த பெண்களின் உடல்களில் காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வந்த மருத்துவர்களும் மாணவர்களும் நஞ்சைக் கைகளில் சுமந்து வந்தனர் என்ற முடிவுக்கு செம்மல்வைஸ் வந்தார். மருத்துவச்சிகள் பிரேதப் பரிசோதனை செய்வதில்லை.

அவ்வாண்டு மே மாதம் முதல், இன்று பிளீச்சிங் பவுடர் என அறியப்படும் பொருளின் கரைசலில் கைகளைக் கழுவுவதை அவர் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு, ஜூன் மாதத்தில் சுமார் 2 சதவீதமாகக் குறைந்தது.

எனினும், தங்கள் கைகளே உயிரிழப்புக்குக் காரணம் என்பதை மூத்த மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. கிருமிக் கோட்பாடு அப்போது நிலைபெற்றிருக்கவில்லை. செம்மல்வைஸும் தம் ஆய்வை நூலாக வெளியிட 1861 வரை காலம் தாழ்த்தினார். எதிர்ப்பாளர்களைக் கடுமையாகச் சாடிப் பகையை வளர்த்துக்கொண்டார்.

1849-இல் வியன்னா பணி நீட்டிக்கப்படாததால் அவர் பெஸ்ட் நகருக்குத் திரும்பினார். அங்குள்ள புனித ரோக்கஸ் மருத்துவமனையில் அவர் பொறுப்பு வகித்த 1851 முதல் 1855 வரையிலான காலத்தில், 933 பிரசவங்களில் 8 தாய்மார்களே பிரசவக் காய்ச்சலால் இறந்தனர்.

மனநலம் குன்றிய நிலையில் 1865 ஜூலை இறுதியில் வியன்னா மனநலக் காப்பகத்தில் அவர் சேர்க்கப்பட்டார். இரண்டு வாரங்களில், ஆகஸ்ட் 13-ஆம் தேதி, காயத்தில் ஏற்பட்ட தொற்று இரத்தத்தில் பரவி 47-ஆவது வயதில் காலமானார். எத்தகைய தொற்றிலிருந்து தாய்மார்களைக் காக்கப் போராடினாரோ, அத்தகைய தொற்றே அவரது உயிரையும் பறித்தது.

அறுவைச் சிகிச்சையில் கிருமிநாசினியைப் பயன்படுத்தும் முறை குறித்து ஜோசப் லிஸ்டர் 1867-இல் கட்டுரை வெளியிட்டார். புடாபெஸ்ட் மருத்துவப் பல்கலைக்கழகத்திற்கு 1969-இல் செம்மல்வைஸின் பெயர் சூட்டப்பட்டது. நோயாளியைத் தொடுவதற்கு முன்னரும் பின்னரும் கைகளைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்பது இன்று உலக சுகாதார அமைப்பின் அடிப்படை அறிவுறுத்தலாக உள்ளது.