சாம்பலில் எழுந்த மைசூர் அரண்மனை
கணவனை இழந்த ராணியின் கதை

ஞாயிற்றுக்கிழமை இரவு. சுமார் ஒரு லட்சம் பல்புகள் ஒரே நொடியில் எரிகின்றன. மைசூர் அரண்மனை வாசலில் கூடி நிற்கும் கூட்டம் "ஆ!" என்கிறது.

அந்த அரண்மனையைக் கட்டத் தொடங்கியவர் ஒரு பெண் என்பது கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர்தான் மகாராணி கெம்பநஞ்சம்மணி. 1866-ல் பிறந்தவர். வாணி விலாச சன்னிதானம் என்பது அவரது பட்டப் பெயர்.

1894 டிசம்பரில் கல்கத்தா சென்ற மன்னர் சாமராஜேந்திர உடையார், தொண்டை அடைப்பான் நோயால் அங்கேயே காலமானார். அப்போது ராணிக்கு வயது 28. பட்டத்து இளவரசர் கிருஷ்ணராஜருக்குப் பத்தே வயது. மகன் வளரும்வரை ஆட்சிப் பொறுப்பு தாயிடம் வந்தது. பாலக்காட்டுத் தமிழரான சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்து துணை நின்றார்.

அடுத்த சோதனை 1897-ல் வந்தது. மூத்த மகள் ஜெயலட்சுமிக்குத் திருமணம். மாப்பிள்ளை வேறு யாருமல்ல, ராணியின் தம்பி காந்தராஜ் அர்ஸ்தான். தாய்மாமன் கல்யாணம்! அந்தக் கல்யாண நாட்களில் அரண்மனையில் தீப்பிடித்தது. மரத்தால் ஆன பழைய அரண்மனை சாம்பலாயிற்று. ராஜ குடும்பம் பக்கத்திலிருந்த ஜகன்மோகன் அரண்மனைக்குக் குடிபெயர்ந்தது.

ராணி கலங்கி உட்காரவில்லை. அதே ஆண்டில் புதிய அரண்மனை வேலை தொடங்கியது. வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின். நம் சென்னை எழும்பூர் ரயில் நிலையமும் அவர் வரைபடம்தான். மரம் எரிந்த இடத்தில் இம்முறை கருங்கல் நின்றது. கல்யாண மண்டபத்துத் தூண்கள் கிளாஸ்கோவில் வார்த்த இரும்பு. நிமிர்ந்து பார்த்தால் மயில் வரைந்த வண்ணக் கண்ணாடிக் கூரை. மேலே பெண்கள் இருந்து பார்க்கத் தனி மாடம்.

மொத்தச் செலவு 41 லட்சம் ரூபாய்க்கு மேல். 1898-ல் பிளேக் நோய் வந்து ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில் இத்தனை செலவா என்று கேட்கத்தான் தோன்றும். நியாயமான கேள்வியே. ஆனால் அதே ராணியின் ஆட்சியில்தான் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். 1902-ல் அது முதலில் போனது அரண்மனைக்கு அல்ல; தமிழர்கள் பாடுபட்ட கோலார் தங்கச் சுரங்கத்துக்கு.

அதே ஆண்டு ஆகஸ்டில் மகனிடம் ஆட்சியை ஒப்படைத்தார். புது அரண்மனை முடியாததால் பட்டாபிஷேகம் ஜகன்மோகனில் நடந்தது. அரண்மனை வேலை முடிந்தது 1912-ல்.

ராணி 1934-ல் மறைந்தார். பெங்களூர் கோட்டை அருகே நம்மவர் வீட்டுப் பெண்களும் பிரசவத்துக்குப் போகும் வாணி விலாஸ் ஆஸ்பத்திரி, அவர் பெயரைத் தாங்கியதுதான்.