குப்பை வண்டியும் நாடக மேடையும்

1895ஆம் ஆண்டின் இளவேனிற்காலம். சிகாகோ நகரின் 19ஆவது வட்டத்தில், விடியற்காலை ஆறு மணிக்கே ஒரு பெண்மணி வீட்டைவிட்டுப் புறப்படுவார். குப்பை வண்டிகள் உரிய நேரத்தில் வருகின்றனவா, அள்ளிய குப்பை கொட்டுமிடம் வரை போய்ச் சேருகிறதா என்று வண்டிகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பார். மாலையிலோ, அவர் வாழ்ந்த இல்லத்தில் அக்கம்பக்கத்து இளைஞர்கள் நாடகம் பழகிக்கொண்டிருப்பர். குப்பை வண்டிக்கும் நாடக மேடைக்கும் என்ன தொடர்பு? இவ்வினாவிற்கு விடையாக அமைந்ததே ஜேன் ஆடம்ஸின் வாழ்க்கை.

இளமையும் தேடலும்

ஜேன் ஆடம்ஸ் 1860ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள சீடர்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். இரண்டு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை ஜான் ஆடம்ஸ் மாவு ஆலை உரிமையாளர். மாநில மேலவை உறுப்பினர். ஆபிரகாம் லிங்கனோடு நட்புக் கொண்டிருந்தவர். குழந்தைப் பருவத்தில் தாக்கிய முதுகெலும்புக் காசநோயால் ஜேனின் முதுகு சற்றே வளைந்தது. தம் தோற்றம் தந்தையின் மதிப்பைக் குறைத்துவிடும் என்று அஞ்சிய அச்சிறுமி, வெளியூரார் வரும் நாள்களில் தேவாலயத்திற்குத் தந்தையோடு நடக்காமல் உறவினர் ஒருவரோடு நடந்து சென்றார். ஒதுங்கி நிற்பவரின் மனத்துயரை அவர் அறிந்தது அப்போதுதான்.

1881ஆம் ஆண்டு அவர் ராக்ஃபோர்டு கல்லூரிப் படிப்பை முடித்தார். அவ்வாண்டிலேயே தந்தை காலமானார். மருத்துவம் பயிலச் சேர்ந்த ஜேன், உடல்நலம் குன்றியதால் அதனைத் தொடர இயலவில்லை. கல்வியும் செல்வமும் இருந்தும் அவற்றால் யாருக்கும் பயன் இல்லையே என்னும் ஏக்கம் பல ஆண்டுகள் அவரை வாட்டியது.

ஐரோப்பியப் பயணத்தின்போது இலண்டனின் கிழக்குப் பகுதியில் அவர் கண்ட காட்சி ஒன்று அவர் நெஞ்சை விட்டு நீங்கவே இல்லை. சனிக்கிழமை நள்ளிரவில், விற்காமல் எஞ்சி அழுகத் தொடங்கிய காய்கறிகள் ஏலம் விடப்பட்டன. அவற்றுக்காக ஏழை மக்களின் வெறுங்கைகள் நீண்டன. முட்டைக்கோசை ஏலத்தில் எடுத்த ஒருவர், அங்கேயே அமர்ந்து அதனைப் பச்சையாகத் தின்றார். பின்னர் 1888ஆம் ஆண்டு, படித்த இளைஞர்கள் ஏழைகளின் நடுவே குடியிருந்து பணியாற்றிய டாயின்பி ஹால் என்னும் இல்லத்தை அதே பகுதியில் கண்டார். தம் வழி எதுவென அவருக்குத் தெளிந்தது.

ஹல் இல்லம்

1889ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள், ஜேன் ஆடம்ஸ் தம் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் இருந்த பழைய மாளிகை ஒன்றில் குடியேறினார். சார்லஸ் ஹல் என்பவர் கட்டிய மாளிகையாதலின் அது ஹல் இல்லம் எனப்பட்டது. சுற்றிலும் இத்தாலியர், கிரேக்கர், செருமானியர், அயர்லாந்தினர், உருசியாவிலிருந்து வந்த யூதர் எனப் பல நாட்டுக் குடியேறிகள் நெருக்கமாக வாழ்ந்தனர்.

வேலைக்குச் செல்லும் தாய்மார் தம் பிள்ளைகளை வீட்டில் பூட்டிவிட்டுப் போவதைக் கண்டு குழந்தைகள் காப்பகமும் மழலையர் பள்ளியும் தொடங்கப்பட்டன. வேலைநிறுத்தக் காலத்தில் விடுதிக் கட்டணம் செலுத்த இயலாது தவித்த தொழிலாளப் பெண்களுக்காகக் கூட்டுறவு விடுதி ஒன்று உருவாயிற்று. மாலைநேர வகுப்புகள், ஓவியக்கூடம், உடற்பயிற்சிக்கூடம், இசைப்பள்ளி என இல்லம் ஆண்டுதோறும் வளர்ந்தது.

கொடுக்க வந்தவர் அங்கே கற்றுக்கொண்டவையே மிகுதி. முதல் கிறித்துமசு விழாவில் வழங்கிய மிட்டாய்களைச் சில சிறுமியர் வாங்க மறுத்தனர். காரணம் கேட்டபோது, அவர்கள் ஆறு வாரங்களாக மிட்டாய்த் தொழிற்சாலையில் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை உழைத்து வந்தது தெரிந்தது. மிட்டாயைப் பார்க்கவும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. குழந்தைத் தொழிலாளர் கொடுமைக்கு எதிரான அவர்தம் போராட்டத்திற்கு அந்நிகழ்வு வித்திட்டது. இல்லத்தில் வாழ்ந்த ஃபுளோரன்ஸ் கெல்லி முதலியோரின் முயற்சியால் 1893ஆம் ஆண்டு இல்லினாயில் தொழிற்சாலைச் சட்டம் இயற்றப்பட்டது. 14 வயதுக்குக் குறைந்தோரைத் தொழிற்சாலை வேலையில் அமர்த்துவதை அச்சட்டம் தடுத்தது.

மற்றொரு நிகழ்வு அவரைத் தலைகுனிய வைத்தது. பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தை ஒன்று காப்பகத்தில் இறந்தது. அரசுச் செலவில் அதனை அடக்கம் செய்ய இல்லத்தார் ஏற்பாடு செய்தனர். இதனை அறிந்த அக்கம்பக்கத்து ஏழைகள் திடுக்கிட்டனர். உரிய முறையில் அடக்கம் செய்யத் தமக்குள் பணம் திரட்டத் தொடங்கினர். ஏழைக்கு உணவும் உறைவிடமும் போதும் என்று எண்ணுவது பிழை. மதிப்போடு வாழவும் மதிப்போடு விடைபெறவும் அவர்களும் விரும்புகின்றனர் என்பதை ஜேன் ஆடம்ஸ் உணர்ந்தார்.

தெருவுக்கு வந்த போராட்டம்

19ஆவது வட்டத்தின் தெருக்களில் மரப்பெட்டிகளில் குவிந்த குப்பை நாள்கணக்கில் அள்ளப்படாமல் அழுகிக் கிடந்தது. குழந்தைகள் அப்பெட்டிகளின்மீது ஏறி விளையாடினர். குழந்தைகளின் இறப்புக்கும் குப்பைக்கும் உள்ள தொடர்பை இல்லத்து மகளிர் மன்றத்தில் ஜேன் ஆடம்ஸ் எடுத்துரைத்தார். பகலெல்லாம் வீட்டுவேலை செய்து களைத்த பெண்கள், கோடைகால மாலைகளில் சந்து சந்தாகச் சென்று ஆய்வு செய்தனர். இரண்டு மாதங்களில் ஹல் இல்லத்திலிருந்து நகரச் சுகாதாரத் துறைக்குச் சென்ற புகார்கள் 1,037. ஆயினும் நிலைமை மாறவில்லை.

குப்பை அள்ளும் ஒப்பந்தத்தைத் தாமே ஏற்க முன்வந்து ஜேன் ஆடம்ஸ் விண்ணப்பித்தார். ஒப்பந்தம் கிடைக்கவில்லை, ஆனால் அச்செய்தி நகரெங்கும் பேசப்பட்டது. நகரத் தலைவர் அவரை அவ்வட்டத்தின் குப்பை ஆய்வாளராக ஆண்டுக்கு 1,000 டாலர் ஊதியத்தில் அமர்த்தினார். குறுகிய தெரு ஒன்றில் குப்பையை வெட்டி அகற்றியபோது, 18 அங்குலத்திற்குக் கீழே தளம் போட்ட சாலை வெளிப்பட்டது. 

எல்லா முயற்சியும் வெற்றி பெறவில்லை. ஊழலில் திளைத்த வட்ட நகரமன்ற உறுப்பினரைத் தேர்தலில் தோற்கடிக்க ஹல் இல்லம் முயன்று தோற்றது. கிறித்துமசுக்கு வான்கோழி வழங்கி, துக்க வீடுகளுக்குத் தவறாமல் சென்று வந்த அவரை மக்கள் தம்மவராகவே கருதினர். மக்களைப் பழிக்காமல், அவர்கள் அவ்வாறு கருதியதன் காரணத்தை ஆராய்ந்து ஜேன் ஆடம்ஸ் எழுதினார்.

மேடையில் கிடைத்த மதிப்பு

ஹால்ஸ்டெட் தெருவின் மலிவான கொட்டகைகளில் சனிக்கிழமை இரவுகளில் இளைஞர் கூட்டம் அலைமோதியது. நுழைவுச்சீட்டுக்காகத் திருடிப் பிடிபட்ட சிறுவரும் உண்டு. ஊரார் அவர்களைக் கெட்டுப்போனவர்கள் என்றனர். ஜேன் ஆடம்ஸோ, நாளெல்லாம் இயந்திரத்தோடு மாரடிக்கும் இளம் உள்ளங்கள் வீரத்தையும் அன்பையும் கனவையும் தேடியே அங்குச் செல்கின்றன என்று கண்டார். அத்தேவையை அடக்க முற்படுவதினும், நல்ல கலையால் நிறைவு செய்வதே நகரின் கடமை என்று கருதினார்.

தொடக்கத்தில் இல்லத்திற்குள்ளேயே நாடகங்கள் நடந்தன. 1899ஆம் ஆண்டு தனி அரங்கமே எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில், ஹோமரின் காவியத்தைத் தழுவிய ஒடிசியஸின் மீள்வருகை என்னும் நாடகத்தை அப்பகுதிக் கிரேக்கர்களே நடித்தனர். தெருவில் பழம் விற்றபோது ஏளனத்திற்கு உள்ளானோர், தம் மூதாதையரின் மாண்பை மேடையில் நிமிர்ந்து நின்று நகரத்தார்க்குக் காட்டினர். 1903ஆம் ஆண்டு சோபோகிளீசின் அஜாக்ஸ் நாடகத்தையும் மேடையேற்றினர்.

லாரா டெயின்டி பெலாமின் பயிற்சியில் ஹல் இல்ல நடிகர் குழு வளர்ந்தது. பகலில் வேலை செய்து மாலையில் ஒத்திகை பார்த்தவர்கள் அவர்கள். இப்சன், பெர்னாட்சா, கால்ஸ்வொர்தி ஆகியோரின் சமூக நாடகங்களை நடித்துப் பாராட்டுப் பெற்றனர். 1913ஆம் ஆண்டு அயர்லாந்துக்கும் சென்று வந்தனர். பிற்காலத்தில் ஹல் இல்லத்தில் பயிற்சி பெற்ற வயோலா ஸ்போலின், விளையாட்டுகள் வழியே நடிப்பைக் கற்பிக்கும் முறையை உருவாக்கினார். இன்று உலகின் பல நாடகப் பள்ளிகளில் அம்முறை பின்பற்றப்படுகிறது.

பழியும் புகழும்

முதல் உலகப்போரை ஜேன் ஆடம்ஸ் எதிர்த்தார். 1915ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ஹேக் நகரில் கூடிய பன்னாட்டு மகளிர் மாநாட்டிற்குத் தலைமை ஏற்றார். அமெரிக்கா போரில் இறங்கிய பின்னும் தம் கொள்கையை விடவில்லை. அதுவரை போற்றிய செய்தித்தாள்கள் தூற்றின. நண்பர் பலர் விலகினர். அவர் தளரவில்லை. 1931ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கும் நிகோலஸ் மர்ரே பட்லருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. இப்பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவரே. பரிசுத் தொகையை மகளிர் அமைதி இயக்கத்திற்கு வழங்கினார்.

1935ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் அவர் மறைந்தார். ஹல் இல்லத்தில் வைக்கப்பட்ட அவர் உடலுக்கு ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினர். 1960களில் பல்கலைக்கழக வளாகத்திற்காக இல்லத்தின் பெரும்பாலான கட்டடங்கள் இடிக்கப்பட்டன. எஞ்சிய பழைய மாளிகையும் உணவுக்கூடமும் இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றன.

தூய்மையான தெரு மக்களின் உயிரைக் காக்கிறது. நாடக மேடை அவ்வுயிர்க்கு மதிப்பைத் தருகிறது. இவற்றுள் ஒன்று முதலில், மற்றொன்று பிறகு என்று ஜேன் ஆடம்ஸ் வரிசைப்படுத்தவில்லை. காலையில் குப்பை வண்டியின்பின் நடந்த கால்களே மாலையில் நாடக அரங்கை நோக்கியும் நடந்தன.