போரில் தப்பியவர் பயணத்தில் மாண்டார்

விடுமுறை வந்தால் மேட்டூரில் கூட்டம் கூடும். சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் பஸ்ஸில் குடும்பம் குடும்பமாக மக்கள் வருவார்கள். அணையைப் பார்ப்பார்கள். பூங்காவில் பாய் விரித்துக் கட்டுச்சோற்றை அவிழ்ப்பார்கள். வறுத்த மீன் வாங்கித் தின்பார்கள். குழந்தைகள் தண்ணீர் கேட்கும். அருகில் எது கிடைக்கிறதோ அதைக் கொடுத்து விடுவோம்.

அந்த ஒரு குவளைத் தண்ணீரைக் கொடுக்குமுன் ஒருவருடைய கதையைத் தெரிந்து கொள்வது நல்லது. அவர் பெயர் தாமஸ் மன்றோ. சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்குச் சுமார் 140 ஆண்டுகளுக்கு முன், அடுத்துள்ள தருமபுரிச் சீமையில் ஊர் ஊராகச் சுற்றி வேலை பார்த்தவர்.

கரை இறங்கியதும் ஏமாந்தார்

மன்றோ 1761-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை வியாபாரி. அமெரிக்காவில் போர் மூண்டதால் வியாபாரம் நொடித்தது. குடும்பம் தவித்தது. மகன் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் சேர்ந்தார். 1780-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சென்னைக்கு வந்து இறங்கினார். அப்போது வயது 18.

ஊர் புதிது. பேச்சும் புதிது. பார்த்தால் பெரிய மனிதர் போல இருந்த ஒரு கிழவர் அவரிடம் வந்தார். வேலைக்காரனாக இருக்கிறேன் என்றார். நீர் கொண்டு வந்த துணிமணிகள் இந்த ஊருக்கு ஆகாது, விற்று விட்டு வேறு வாங்கி வருகிறேன் என்று சொன்னார். மன்றோ நம்பினார். துணிகளையும் கொடுத்தார், பணத்தையும் கொடுத்தார். போனவர் திரும்பவே இல்லை!

மாற்றுத் துணிக்கும் வழியில்லாமல் பல மாதம் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத்தான் மன்றோ உடுப்பு வாங்கினார். புது ஊரில் முன்பின் தெரியாதவரிடம் மூட்டையைக் கொடுக்கக் கூடாது. பஸ் நிலையத்தில் இன்றைக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

குண்டுக்குத் தப்பினார்

அதே ஆண்டில் ஹைதர் அலியுடன் போர் தொடங்கியது. காஞ்சிபுரம் பக்கத்தில் கம்பெனிப் படை பெருந்தோல்வி கண்டது. மறு ஆண்டு பரங்கிப்பேட்டையில் பெரும் சண்டை நடந்தது. மன்றோ இந்தப் போர்க்களங்களைக் கண்டவர். பிறகு திப்பு சுல்தானுடன் நடந்த போரிலும் இருந்தார். பீரங்கிகள் முழங்கின. பலர் மாண்டார்கள். மன்றோ உயிருடன் திரும்பினார்.

தருமபுரியில் ஏழு ஆண்டு

1792-ஆம் ஆண்டு திப்பு சுல்தான் பாரமகால் என்னும் சீமையைக் கம்பெனிக்குக் கொடுக்க நேர்ந்தது. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பகுதிகள் அதில் அடங்கும். கர்னல் ரீட் என்பவர் அதற்குத் தலைமை அதிகாரி ஆனார். அவருடைய உதவியாளர்களில் ஒருவராக மன்றோ தருமபுரிக்கு வந்தார்.

அப்போது ரயில் இல்லை. நல்ல சாலையும் இல்லை. குதிரை மேல் போக வேண்டும். கூடாரம் அடித்துத் தங்க வேண்டும். வயல் வயலாக அளந்தார்கள். ஒவ்வோர் உழவரிடமும் நேரே பேசி வரியை முடிவு செய்தார்கள். நடுவில் ஜமீன்தார் இல்லை. இதுதான் ரயத்துவாரி முறை. பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும் பகுதியில் அது நிலைத்தது.

தருமபுரியில் மன்றோ ஒரு தோட்டம் போட்டார். மரங்களைத் தம் பிள்ளைகளைப் போலப் பார்த்தார். 1799-ஆம் ஆண்டு அந்த ஊரை விட்டுப் போக மனம் இல்லாமல்தான் போனார்.

கடைசிப் பயணம்

பிறகு கன்னட நாட்டுக் கடற்கரையிலும், கடப்பை, பல்லாரி, அனந்தப்பூர் பக்கத்திலும் அதிகாரியாக இருந்தார். 1820-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்துக்கே கவர்னர் ஆனார்.

நாற்பது ஆண்டுக்கு மேல் உழைத்தாகி விட்டது. ஊருக்குத் திரும்ப ஆசை வந்தது. 1826-ஆம் ஆண்டு அவருடைய மனைவி, உடல் நலம் இல்லாத இளைய மகனைக் கூட்டிக் கொண்டு கப்பலேறினார். அடுத்த கவர்னர் வந்ததும் மன்றோவும் புறப்பட வேண்டியதுதான். மனைவியும் மக்களும் அங்கே காத்திருந்தார்கள்.

புறப்படுவதற்கு முன் ஓர் ஆசை. தாம் வேலை பார்த்த கடப்பை, பல்லாரி பக்கத்து மக்களை ஒரு முறை பார்த்து விடைபெற வேண்டும் என்று நினைத்தார். 1827-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் பயணம் கிளம்பினார்.

வழியில் காலரா இருந்தது. முகாமிலும் நோய் புகுந்தது. சிப்பாய்கள் சிலர் இறந்தார்கள். ஜூலை 6-ஆம் தேதி பட்டிகொண்டா என்ற ஊரில் கூடாரம் போட்டிருந்தார்கள். காலையில் மன்றோவுக்கு நோய் கண்டது. தம்மால் மற்றவர்களுக்கும் தொற்றி விடக் கூடாதே என்று, அருகில் இருந்தவர்களை வெளியே போகச் சொன்னார். பிற்பகலில் சற்றுத் தெளிவு வந்தது. பிழைத்து விடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். இரவு ஒன்பதரை மணிக்கு உயிர் பிரிந்தது.

காலையில் நல்லபடியாக இருந்தவர் இரவில் இல்லை! வயது 66. கூத்தி என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். பிறகு 1831-ஆம் ஆண்டு உடல் சென்னைக் கோட்டையில் உள்ள புனித மேரி கோயிலுக்கு மாற்றப்பட்டது.

காரணம் தண்ணீர்

மன்றோவுடன் மருத்துவர் இருந்தார். பணம் இருந்தது. காவல் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று. காலரா எப்படி வருகிறது என்ற அறிவு அன்று உலகில் யாருக்கும் இல்லை. கெட்ட காற்றுதான் காரணம் என்று பலர் நம்பினார்கள்.

1854-ஆம் ஆண்டு லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், ஒரு தெருக் குழாயின் தண்ணீரைக் குடித்தவர்களே மிகுதியாகச் சாவதைக் காட்டினார். ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் மருத்துவர் 1884-ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஆராய்ந்து, அதற்கு ஒரு கிருமியே காரணம் என்று உறுதி செய்தார். நோயாளியின் மலம் கலந்த தண்ணீரிலும் உணவிலும் அந்தக் கிருமி பரவுகிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் செத்துப் போகிறது.

இந்த நோயில் உடம்பிலுள்ள நீரும் உப்பும் வெளியேறி விடுவதால்தான் சாவு வருகிறது. 1971-ஆம் ஆண்டு வங்காளத்தில் அகதிகள் முகாமில் காலரா பரவியது. அங்கே திலீப் மகலானாபிஸ் என்ற மருத்துவர், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்துப் பலரைப் பிழைக்க வைத்தார்.

மூட்டையில் என்ன வேண்டும்?

மன்றோவுக்குத் தெரியாதது இன்று நமக்குத் தெரியும். ஆகவே நமக்குச் சாக்குச் சொல்ல இடம் இல்லை.

மேட்டூருக்குப் போனாலும், வேறு எங்கே போனாலும், கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீரை எடுத்துக் கொள்ளுங்கள். கூடவே ஒரு துண்டு சோப்பு. மலம் கழித்த பின்பும், சாப்பிடும் முன்பும் கை கழுவ வேண்டும். ஈ மொய்த்த பண்டமும், வெட்டி வைத்த பழமும் வேண்டாம். சூடாக இருப்பதைச் சாப்பிடுங்கள். ஆற்று நீர் தெளிவாகத் தெரிந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது.

மருந்துக் கடையில் விற்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கலக்கலாம். அளவு தவறக் கூடாது. பேதி கண்டதும் சிறிது சிறிதாகக் கொடுங்கள். கொடுத்துக் கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆம்புலன்சுக்கு 108.

மன்றோ மாண்ட பட்டிகொண்டாவில் அவர் நினைவாக ஒரு தோப்பு வைத்தார்கள். படிக்கட்டுடன் ஒரு கிணறும் வெட்டினார்கள். கூத்தியில் வழிப்போக்கர்களுக்கு ஒரு சத்திரம் எழுந்தது. பயணத்தில் உயிர் விட்டவருக்குப் பயணிகளின் தாகம் தீர்க்கும் கிணறே நினைவுச் சின்னம் ஆயிற்று.

சென்னைத் தீவுத்திடல் பக்கம் போகிறவர்கள் மன்றோவின் சிலையைப் பார்க்கலாம். குதிரை மேல் கம்பீரமாக அமர்ந்திருப்பார். குதிரைக்குச் சேணம் இல்லை. அங்கவடியும் இல்லை. சிலைக்கு அது போதும். பயணம் கிளம்பும் நமக்கு ஆயத்தம் வேண்டும்.