ஜேம்ஸ் பி. லான்சிங்

ஜேம்ஸ் புல்லோ லான்சிங் (ஜனவரி 14, 1902 – செப்டம்பர் 1949) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஒலிபெருக்கி வடிவமைப்பாளரும் தொழில் முனைவரும் ஆவார். ஆல்டெக் லான்சிங், ஜேபிஎல் ஆகிய இரு ஒலிக்கருவி நிறுவனங்களும் இவரது பெயரைத் தாங்கியவை. பேசும் படங்களின் தொடக்க காலத்தில் திரையரங்க ஒலிபெருக்கிகளைச் செம்மைப்படுத்தியதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. வணிகத்தில் இவர் வெற்றி பெறவில்லை. எனினும், இவர் வகுத்த அளவுகளும் உற்பத்தி முறைகளும் துல்லியமானவை. அதனால் இவருடைய ஒலிபெருக்கிகள் பல, உறுப்புகள் மாற்றப்பட்டு, எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இயங்குகின்றன.

பிறப்பும் இளமையும்

லான்சிங்கின் இயற்பெயர் ஜேம்ஸ் மார்ட்டினி என்பதாகும். இவர் இலினொய் மாநிலத்தின் மக்குப்பின் மாவட்டத்தில் பிறந்தார். தந்தை ஹென்றி மார்ட்டினி நிலக்கரிச் சுரங்கப் பொறியாளர். பதினான்கு குழந்தைகளில் இவர் ஒன்பதாமவர். சிறு வயதில் சில காலம் லிட்ச்ஃபீல்டு நகரில் புல்லோ என்னும் குடும்பத்தாருடன் வசித்தார். பிற்காலத்தில் தம் பெயரின் நடுவே அக்குடும்பத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்டார்.

சிறுவனாக இருந்தபோதே வானொலி அலைபரப்பி ஒன்றை இவர் தாமே அமைத்தார் என்றும், அதன் சைகைகள் கடற்படை நிலையம் ஒன்றை எட்டியதால் அது கழற்றப்பட்டது என்றும் கூறப்படுகிறது. முறையான பொறியியல் பட்டம் எதையும் இவர் பெறவில்லை. இளமையில் தானுந்து பழுதுபார்ப்பவராகப் பணியாற்றினார். உலோகத்தைக் கடைவதிலும் நுண்ணிய அளவுக்குப் பொருத்துவதிலும் இவருக்கு இருந்த தேர்ச்சி பின்னாளில் பெரிதும் பயன்பட்டது.

1924ஆம் ஆண்டில் தாயார் இறந்த பின் இவர் வீட்டை விட்டு வெளியேறி, யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரத்துக்குச் சென்றார். அங்கு வானொலி நிலையம் ஒன்றில் பணியாற்றினார். தம் வருங்கால மனைவியான கிளென்னா பீட்டர்சனையும், வருங்கால வணிகக் கூட்டாளியான கென் டெக்கரையும் அந்நகரிலேயே சந்தித்தார்.

லான்சிங் உற்பத்தி நிறுவனம்

லான்சிங்கும் டெக்கரும் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குக் குடிபெயர்ந்து, 1927ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லான்சிங் உற்பத்தி நிறுவனத்தைப் பதிவு செய்தனர். மார்ட்டினி என்ற பெயரைக் கைவிட்டு, ஜேம்ஸ் புல்லோ லான்சிங் எனச் சட்டப்படி பெயர் மாற்றிக்கொண்டதும் அப்போதுதான். வானொலிப் பெட்டிகளுக்கான 6 அங்குல, 8 அங்குல ஒலிபெருக்கிகளை நிறுவனம் தயாரித்தது. தயாரிப்பை லான்சிங்கும், கணக்கையும் விற்பனையையும் டெக்கரும் கவனித்தனர். இந்தப் பணிப் பங்கீடு நீடித்தவரை நிறுவனம் நன்கு நடந்தது.

ஷியரர் ஹார்ன்

1930களின் தொடக்கத்தில் திரையரங்குகளில் இருந்த ஒலியமைப்புகள் குறைபாடு உடையனவாக இருந்தன. தாழ்ந்த ஒலிகள் நீண்ட குழல் வழியாகவும், உயர்ந்த ஒலிகள் குறுகிய குழல் வழியாகவும் வந்ததால், ஒரே ஓசையின் இரு பகுதிகளும் வெவ்வேறு நேரங்களில் பார்வையாளரை எட்டின. காலணியால் தரையைத் தட்டி ஆடும் டேப் நடனக் காட்சிகளில் ஒவ்வொரு தட்டும் இரண்டாகக் கேட்டது.

எம்ஜிஎம் படப்பிடிப்பு நிறுவனத்தின் ஒலித்துறைத் தலைவர் டக்ளஸ் ஷியரர் இக்குறையை நீக்க முனைந்தார். அவருடைய குழுவில் ஜான் ஹில்லியர்டு, ராபர்ட் ஸ்டீவன்ஸ் ஆகியோர் இருந்தனர். ஒலிபெருக்கி அலகுகளைத் தயாரிக்கும் பொறுப்பு லான்சிங்கிடம் வந்தது. தாழ்ந்த ஒலிக்கு 15 அங்குலக் காகிதக் கூம்பு கொண்ட அலகுகளும், உயர்ந்த ஒலிக்கு மெல்லிய அலுமினிய அதிர்தகடு கொண்ட 284 என்னும் அலகும் உருவாக்கப்பட்டன. குழல்களின் நீள வேறுபாடு குறைக்கப்பட்டதால் இரட்டை ஓசை மறைந்தது.

இந்த அமைப்புக்காக 1936ஆம் ஆண்டுக்கான அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் தொழில்நுட்ப விருது ஷியரருக்கும் எம்ஜிஎம் ஒலித்துறைக்கும் வழங்கப்பட்டது. விருதில் லான்சிங்கின் பெயர் இடம்பெறவில்லை. இதே கொள்கையைச் சிறிய அளவில் பயன்படுத்தி, ஐகானிக் என்ற ஒலிபெருக்கியை லான்சிங் நிறுவனம் 1937ஆம் ஆண்டளவில் வெளியிட்டது. அது ஒலிப்பதிவு அறைகளில் வரவேற்பைப் பெற்றது.

ஆல்டெக் லான்சிங்

1939ஆம் ஆண்டில் கென் டெக்கர் விமான விபத்தில் இறந்தார். அதன் பின் நிறுவனத்தின் நிதிநிலை சீர்குலைந்தது.

அதே காலத்தில், திரையரங்க ஒலிக்கருவிகளைப் பராமரித்து வந்த ஆல்டெக் சர்வீஸ் என்ற நிறுவனத்துக்கு வேறொரு சிக்கல் எழுந்தது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கருவிகளுக்கான உதிரிப்பாகங்களை அது பெருமளவில் இருப்பு வைத்திருந்தது. அந்த இருப்பு குறையத் தொடங்கியதும் தானே உற்பத்தி செய்ய வேண்டிய தேவை ஏற்பட்டது. 1941ஆம் ஆண்டு டிசம்பரில் 50,000 டாலர் விலைக்கு லான்சிங் உற்பத்தி நிறுவனத்தை அது வாங்கியது. புதிய நிறுவனத்துக்கு ஆல்டெக் லான்சிங் எனப் பெயரிடப்பட்டது. லான்சிங் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பொறியியல் பிரிவின் துணைத் தலைவரானார்.

ஆல்டெக்கில் இருந்த ஆண்டுகளே இவருடைய தொழில் வாழ்வில் நிலையான காலம் எனலாம். தட்டையான கம்பியை விளிம்பு நிற்கும்படி சுற்றிச் சுருள் அமைக்கும் முறை, நீர்ம அழுத்தத்தால் அலுமினியத் தகட்டை அதிர்தகடாக வடிக்கும் முறை ஆகியவை இக்காலத்தில் செம்மையடைந்தன. தாழ் ஒலிக்கான 515, உயர் ஒலிக்கான 288, இரண்டையும் ஒரே சட்டகத்தில் இணைத்த 604 ஆகிய அலகுகள் இக்காலத்தவை. திரையரங்குகளில் பரவலாக நிறுவப்பட்ட வாய்ஸ் ஆஃப் த தியேட்டர் வரிசையும் 1945ஆம் ஆண்டில் அறிமுகமானது.

ஜேம்ஸ் பி. லான்சிங் சவுண்ட்

ஒப்பந்தம் முடிந்ததும் 1946ஆம் ஆண்டு அக்டோபரில் லான்சிங் விலகி, லான்சிங் சவுண்ட் என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். லான்சிங் என்ற வணிகப் பெயர் ஏற்கெனவே ஆல்டெக்கிடம் இருந்ததால் அந்நிறுவனம் எதிர்ப்புத் தெரிவித்தது. முதல் தயாரிப்பான டி101 ஒலிபெருக்கியும் ஆல்டெக் 515ஐப் பெரிதும் ஒத்திருந்தது. ஆகவே நிறுவனத்தின் பெயர் ஜேம்ஸ் பி. லான்சிங் சவுண்ட் என மாற்றப்பட்டது. தாமே சூட்டிக்கொண்ட பெயரைத் தனியாகப் பயன்படுத்த முடியாத நிலை இவருக்கு ஏற்பட்டது குறிப்பிடத்தக்கது.

இதன் விளைவாக முற்றிலும் வேறான வடிவமைப்பை நாட வேண்டியிருந்தது. 1940களின் இறுதியில் வெளிவந்த டி130 அவ்வாறு பிறந்ததாகும். 15 அங்குலக் கூம்புக்கு 4 அங்குல விட்டமுள்ள சுருளை அமைத்ததும், அச்சுருளைத் தட்டைக் கம்பியால் சுற்றியதும், அல்னிகோ 5 வகைக் காந்தத்தைப் பயன்படுத்தியதும் இதன் சிறப்புகள். சுருள் அசையும் இடைவெளி மிகவும் குறுகலாக வைக்கப்பட்டதால், குறைந்த திறனிலேயே உரத்த ஒலி கிடைத்தது.

மறைவு

தயாரிப்புகள் பாராட்டப்பட்டபோதும் நிறுவனம் கடனில் மூழ்கியது. மார்க்குவார்ட் விமான நிறுவனம் முதலீடு செய்தது. அந்நிறுவனத்தின் பொருளாளர் வில்லியம் தாமஸ் லான்சிங் நிறுவனத்தின் நிதி விவகாரங்களைக் கவனித்தார். 1949ஆம் ஆண்டில் மார்க்குவார்ட் நிறுவனம் ஜெனரல் டயர் நிறுவனத்தின் வசமானது. புதிய உரிமையாளர்கள் ஒலிபெருக்கித் தொழிலில் நாட்டம் காட்டாததால் அத்தொடர்பு முறிந்தது. கடன் சுமையால் மனமுடைந்திருந்த லான்சிங், 1949ஆம் ஆண்டு செப்டம்பரில் சான் மார்க்கோஸில் இருந்த தம் பண்ணையில் தற்கொலை செய்துகொண்டார். அப்போது இவருக்கு வயது 47.

இவர் நிறுவனத்தைப் பயனாளியாகக் குறிப்பிட்டு எடுத்திருந்த 10,000 டாலர் ஆயுள் காப்பீட்டுத் தொகையைக் கொண்டு தாமஸ் தொழிலைத் தொடர்ந்தார். பின்னர் கிளென்னாவிடம் இருந்த பங்குகளையும் வாங்கினார். ஆல்டெக்குடன் பெயர்ச் சிக்கல் நீடித்ததால், 1950களின் நடுப்பகுதியில் மூன்று முதலெழுத்துகளைக் கொண்ட ஜேபிஎல் என்ற வணிகப் பெயர் வழக்கத்துக்கு வந்தது. 1969ஆம் ஆண்டில் நிறுவனத்தைச் சிட்னி ஹார்மன் வாங்கினார். ஹார்மன் குழுமத்தை 2017ஆம் ஆண்டில் சாம்சங் நிறுவனம் கையகப்படுத்தியது.

1969ஆம் ஆண்டின் வுட்ஸ்டாக் இசைவிழாவில் ஜேபிஎல் 15 அங்குல ஒலிபெருக்கிகளும் ஆல்டெக் ஹார்ன்களும் ஒன்றாகப் பயன்படுத்தப்பட்டன. இவர் பெயரைத் தாங்கிய இரு போட்டி நிறுவனங்களின் கருவிகள் அங்கு ஒரே அமைப்பில் ஒலித்தன.

மீளமைப்பும் உதிரிப்பாகங்களும்

லான்சிங் காலத்து ஒலிபெருக்கிகளைச் சேகரித்து மீளமைப்போர் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் உள்ளனர். இத்தகைய ஒலிபெருக்கியின் உறுப்புகளை இரு வகையாகப் பிரிக்கலாம். வார்ப்புச் சட்டகமும் காந்தமும் தேய்வதில்லை. காகிதக் கூம்பு, அதை நடுவில் தாங்கும் ஸ்பைடர், வாய்ஸ் காயில் எனப்படும் கம்பிச்சுருள், அலுமினிய அதிர்தகடு ஆகியவை காலப்போக்கில் பழுதடைகின்றன. சட்டகத்தையும் காந்தத்தையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றலாம். இடைவெளிகள் நுண்ணிய அளவுக்குக் கடையப்பட்டிருப்பதால், பல ஆண்டுகள் கழித்துத் தயாரிக்கப்பட்ட சுருளும் அவற்றில் பொருந்துகிறது.

டி130இன் கூம்பு விளிம்பும் காகித மடிப்புகளால் ஆனது. பிற்கால ஒலிபெருக்கிகளின் நுரைப்பஞ்சு விளிம்பைப் போல இது பொடிந்து உதிர்வதில்லை. அதனால் முதலில் பொருத்தப்பட்ட கூம்புடனேயே இயங்கும் டி130 ஒலிபெருக்கிகள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றுக்கே மதிப்பு மிகுதி. சிறு கிழிசலுக்காகக் கூம்பு முழுவதையும் மாற்றிவிடுவது பெரும்பாலும் இழப்பாகவே முடியும். மெல்லிய தாளும் பொருத்தமான பசையும் கொண்டு அதைச் சீர்செய்ய இயலும்.

மாற்றும் தேவை ஏற்படும்போது உறுப்பைச் சரியாக அடையாளம் காண்பதே முதன்மையான வேலை. டி130இன் வழித்தோன்றல்களாக கே130, இ130 ஆகியவை வெளிவந்தன. ஒத்த சட்டகங்களில் வெவ்வேறு கூம்புகள் பொருத்தப்பட்டு வேறு மாதிரிகளும் விற்கப்பட்டன. இதனால் பெயர்ப்பட்டையில் ஒரு மாதிரியின் எண்ணும், உள்ளே வேறொரு மாதிரியின் கூம்பும் உள்ள ஒலிபெருக்கிகள் பழைய பொருள் சந்தையில் காணப்படுகின்றன. பட்டையை மட்டும் நம்பாமல், சுருளின் விட்டம், மின்தடை, கூம்பின் வடிவம், நடுக்குமிழ் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

டி130இன் நடுவில் உள்ள அலுமினியக் குமிழ் வெறும் தூசி மூடி அன்று. அது சுருளுடன் நேரடியாக இணைந்து உயர் ஒலிகளை எழுப்புகிறது. அதன் இடத்தில் காகித மூடியை ஒட்டினால் ஒலி மங்கிவிடும். உயர் ஒலி அலகுகளுக்கும் இது பொருந்தும். அலுமினிய அதிர்தகட்டுக்குப் பதிலாகத் தைட்டானியத் தகட்டைப் பொருத்தலாம். ஆயினும் ஒலியின் தன்மை மாறும். 16 ஓம் தகட்டின் இடத்தில் 8 ஓம் தகட்டை வைத்தால், பிரிப்புச் சுற்றின் கணக்கும் பிழைபடும். இரட்டை ஒலிபெருக்கிகளில் ஒன்றை மட்டும் இவ்வாறு மாற்றுவது ஏற்றதன்று.

அல்னிகோ காந்தம் பலத்த அதிர்ச்சியாலும் மிகை மின்னோட்டத்தாலும் வலிமை குறையக்கூடும். காந்த அமைப்பைப் பிரித்தாலும் அதே இழப்பு நேரும். உரிய கருவி உள்ள பணிமனையில், பிரிக்கப்பட்ட அமைப்பை மீண்டும் பூட்டிய பின்னரே காந்தமேற்ற வேண்டும். 1930களின் அலகுகளில் நிலைக்காந்தத்துக்குப் பதிலாக மின்காந்தச் சுருள் உண்டு. அவற்றுக்குத் தனியாக நேர்மின்னோட்டம் அளிக்க வேண்டும். சுருள் அறுந்திருந்தால் புதிதாகச் சுற்ற வேண்டும். பிரிப்புச் சுற்றில் உள்ள பழைய மின்தேக்கிகளும் மதிப்பு மாறியிருக்கக்கூடும் என்பதால் அவற்றை அளந்து பார்ப்பது நன்று.

பல பழைய மாதிரிகளுக்கான அசல் உதிரிப்பாகங்களின் உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டது. ஆல்டெக்கின் ஓக்லகோமா நகர ஆலை மூடப்பட்ட பின், அங்கு பணியாற்றிய ஒருவர் அதன் அச்சுகளையும் கருவிகளையும் பெற்று, கிரேட் பிளெயின்ஸ் ஆடியோ என்ற சிறு நிறுவனத்தின் மூலம் 604, 515, 288 ஆகியவற்றுக்கான உறுப்புகளைத் தயாரித்தார். பிற மாதிரிகளுக்குத் தனியார் தயாரிப்பாளர்களின் கூம்புகள் கிடைக்கின்றன. அவற்றின் எடையும் விறைப்பும் அசலுக்கு எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பதைப் பொறுத்தே மீளமைப்பின் தரம் அமைகிறது. ஒரு பராமரிப்பு நிறுவனம் தன் உதிரிப்பாக இருப்பு தீர்ந்து வந்ததால் 1941ஆம் ஆண்டில் லான்சிங்கை நாடியது. இன்று அதே தேவை அவருடைய ஒலிபெருக்கிகளை வைத்திருப்போருக்கும் ஏற்பட்டுள்ளது.