சத்தியம் செய்ய மறுத்த கணித மேதை

ஓர் உலோகத் தகட்டின் விளிம்பெங்கும் வெப்பநிலை இவ்வளவென்று நமக்குத் தெரியும். வெப்பம் நிலைபெற்ற பின் அதன் உட்புறத்தில் ஒவ்வொரு புள்ளியிலும் வெப்பநிலை என்ன? இத்தகைய வினாவையே கணித அறிஞர் நீள்வளையச் சமன்பாட்டின் எல்லைப் பெறுமானப் பிரசினம் என்பர். தகடு முழுவதிலும் விடை தேடாது, விளிம்பை மாத்திரம் பற்றிய தொகையீட்டுச் சமன்பாடாக அதனை மாற்றித் தீர்ப்பது ஓர் அழகிய வழி. அவ்வழிக்கு அடிகோலியவர்களுள் ஒருவர் வித்தோ வொல்தேரா.

இத்தாலியின் அங்கோனா நகரில் 1860ஆம் ஆண்டு மே 3ஆந் திகதி, வறிய யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். இரண்டு வயதிலே தகப்பனை இழந்தார். தாயார் தம் சகோதரனை அண்டி மகனை வளர்த்தார். உறவினர் பையனை உழைப்புக்கு அனுப்ப எண்ணினர். அவனோ 11ஆம் வயதிலேயே லெஜாந்திரின் கேத்திரகணித நூலில் மூழ்கியிருந்தான். 1883இல், 23ஆம் வயதில், பீசாவிற் பேராசிரியரானார். பின்னர் தூரினிலும், 1900 முதல் உரோமையிலும் கற்பித்தார்.

தொகையீட்டுச் சமன்பாடொன்றை, எண்ணிக்கையில் முடிவின்றிப் பெருகும் ஏகபரிமாணச் சமன்பாடுகளின் தொகுதியாகக் கருதலாம் என்று 1896இல் அவர் காட்டினார். பாடசாலைப் பிள்ளைகள் தீர்க்கும் ஒருங்கமை சமன்பாடுகளின் நீட்சிதான் இது! சுவீடன் நாட்டவரான பிரெட்ஹோம் இவ்வெண்ணத்தை விரிவாக்கி, 1903இல் வெளியிட்ட கட்டுரையில் எல்லைப் பிரசினத்துக்கு வழி கண்டார்.

1905 முதல் செனற்றராயிருந்த வொல்தேரா, முசோலினியின் ஆட்சியை வெளிப்படையாகவே எதிர்த்தார். 1931இல் பேராசிரியர் யாவரும் பாசிச ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டுமெனக் கட்டளை பிறந்தது. நாட்டிலிருந்த ஆயிரத்து இருநூறு பேர் அளவிலே மறுத்தவர்கள் ஏறக்குறைய பன்னிருவர் மாத்திரமே. கத்தோலிக்கப் பேராசிரியர்களிலும் மிகப் பலர் கையொப்பமிட்டனர். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 71 வயதான வொல்தேரா, தம் மனச்சாட்சி இடந்தராதென எழுதியனுப்பினார். பதவி பறிபோயிற்று. பின்னர் இத்தாலிய அறிஞர் கழகங்களிலும் இடமிழந்தார்.

இவ்வாறு சொந்த நாடு ஒதுக்கிய அந்த யூதரை, பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1936இல் தாம் புதுப்பித்தமைத்த பாப்பிறை விஞ்ஞானக் கழகத்தின் அங்கத்தவராக நியமித்தார். இரண்டாண்டுகளில் யூதருக்கெதிரான இனச் சட்டங்களும் வந்தன.

1940 ஒக்டோபர் 11ஆந் திகதி உரோமையிற் காலமானார்; அரிச்சா என்னும் சிற்றூரில் அடக்கஞ் செய்யப்பட்டார். இத்தாலியக் கழகங்கள் மௌனமாயிருந்த அந்நாட்களில், அவருக்கான நினைவுரை பாப்பிறை விஞ்ஞானக் கழகத்திலேயே நிகழ்ந்தது. அதனை ஆற்றியவர் கணித அறிஞர் சொமில்யானா.