தந்தை செல்வா

1898 இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்த சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்கள் பேர்பெற்ற சட்டத்தரணி. 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1957 இல் அவர் சத்தியாக்கிரகம் செய்வதாக அறிவித்தபின், பிராந்திய சபைகளுக்கு உடன்பட்டுப் பிரதமர் பண்டாரநாயக்கா கையொப்பமிட்டார். 1958 ஏப்ரலில் பிக்குமார் பிரதமரின் வீட்டு வாசலில் அமர்ந்தனர். அன்றே உடன்படிக்கை கைவிடப்பட்டது. அதுவும் அமைதிப் போராட்டந்தானே!

1961 இல் எம்மவர் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் இரு மாதமளவில் அமர்ந்து நிர்வாகத்தையே முடக்கினர். கிடைத்தவை அவசரகாலச் சட்டமும் தடுப்புக்காவலும். கணக்குப் பார்ப்பது எமது தொழில். அமர்ந்த விதம் ஒன்றே. ஆட்சியை மாற்றும் வாக்குகள் ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்தன என்று கருதுகிறோம்.

முதுமையிலும் நோயிலும் 1975 இல் காங்கேசன்துறை இடைத்தேர்தலில் வென்றார். 1976 இல் வட்டுக்கோட்டையில் தனிநாடு கோரும் தீர்மானம் அவர் தலைமையில் நிறைவேறியது. 1977 ஏப்ரல் 26 இல் மறைந்தார்.